லெயோனிசா போட்ட கையெழுத்து

பழி வாங்கக் கறுவுகிறவர்களில் பாதிப் பேர் பத்து வருஷத்தில் ஆறிப்போவார்கள். அராசெல்லி ஆறவில்லை. இருபத்திரண்டு வருஷம் காத்திருந்தாள். காலையும் இரவும் மனநோய்க்கான லித்தியம் மாத்திரையை விழுங்கி, வேளைக்குத் தூங்கி, ரத்தப் பரிசோதனை ஒன்றைக்கூடத் தவறவிடாமல் காத்திருந்தாள். நாள் வரும்போது, பைத்தியம் எதையோ உளறுகிறது என்று ஊர் தள்ளிவிடக் கூடாதே.

காத்திருந்தது லெயோனிசாவுக்காக. அப்பா எவெலியோவுக்குச் சித்தப்பா மகள், அராசெல்லிக்கு அத்தை. அந்த அத்தையின் மகன் ஹெரிபெர்த்தோவுக்கும் அராசெல்லிக்கும் கல்யாணம் நிச்சயமாகி, மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண ஓலை வாசித்து, கவுன் தைத்து வந்துவிட்டது. அதற்குள் எவெலியோ ஒரே வாரத்தில் பன்னிரண்டு கோவேறு கழுதை வாங்கினார். பிறகு மூன்று மாதம் சுவரைப் பார்த்துப் படுத்தார். பிறகு ஆற்றில் இறங்கினார், பிணமாகத்தான் கிடைத்தார். அடுத்த ஞாயிறு, பதினோரு மணிப் பூசை முடிந்து சான் எவாரிஸ்தோ ஊரே கோயில் படியில் நிற்கும்போது லெயோனிசா வாயைத் திறந்தாள்.

"எவெலியோவோட அம்மா வீட்டு ரத்தம் அது. பைத்தியக்கார ரத்தம். என் பேரப்பிள்ளைங்க ஒடம்புல அது ஓடக் கூடாது. கல்யாணம் கெடயாது."

ஹெரிபெர்த்தோ செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மலைக்குக் கீழே வெப்பப் பள்ளத்தாக்கிலிருந்து ரூபியெலா என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். அராசெல்லியை அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை. அவளுக்கே நோய் வந்தபோது, "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று லெயோனிசா தெருத்தெருவாகச் சொன்னதையும் அவள் மறக்கவில்லை.

இந்த மலையூர்க் குடும்பங்களில் அந்த நோய் ஏன் தலைமுறை தலைமுறையாக வருகிறது என்று கண்டுபிடிக்க, பல்கலைக்கழகத்து டாக்டர்கள் வந்தார்கள். ஊரே ஒருவருக்கொருவர் சொந்தம். யார் யாருக்கு என்ன முறை என்று அராசெல்லிக்குத் தலைகீழ்ப் பாடம். வீடு வீடாக அவர்களைக் கூட்டிப்போனதும், கோயில் பதிவேடுகளைப் புரட்டிக் கொடுத்ததும் அவள்தான். அப்படிப் புரட்டும்போது, ஒரு வியாழக்கிழமை, லெயோனிசாவின் கல்யாணத் தாள் அகப்பட்டது.

சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ள பிஷப்பின் அனுமதி வேண்டும். அதற்குப் பழைய பங்குச் சாமியார் எழுதிய மனு அது. "மணமக்கள் இருவருக்கும் தாத்தா ஒருவரே, கிரிசோஸ்தோமோ. புத்தி பேதலித்து, பதினோரு வருஷம் பின்கட்டு அறையில் பூட்டிவைக்கப்பட்டு இறந்தார். பெண்ணின் அண்ணன் லிசிமாகோ மனநோய் மருத்துவமனையில் இருக்கிறான். பிள்ளைகளுக்கும் வரலாம் என்று எச்சரித்தேன். பெண் தெரிந்தே சம்மதிக்கிறாள்." அதற்குக் கீழே லெயோனிசாவின் கையெழுத்து, சுழித்துச் சுழித்து, அழகாக.

கிரிசோஸ்தோமோ அராசெல்லியின் அப்பாவுக்கும் தாத்தாதான். அப்படியானால் அந்த ரத்தம் அவர் அம்மா வீட்டிலிருந்து வந்ததல்ல. லிசிமாகோ ஆப்பிரிக்காவில் வேதம் போதிக்கிறான் என்றுதான் ஊர் ஐம்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தது. அவனுக்காக உண்டியல்கூடக் குலுக்கியிருக்கிறார்கள்! எழுத்து எழுத்தாகத் தாளைப் பிரதி எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த சந்தோஷம் கல்யாணம் நிச்சயமான அன்றுகூட இருந்ததில்லை.

வெள்ளிக்கிழமை மாலை தனியாக அந்த வீட்டுக்குப் போனாள். வாசலிலேயே பெயின்ட் வாடை. பத்தொன்பது வயது மாயெர்லி, லெயோனிசாவின் பேத்தி, கதவு, ஜன்னல், நாற்காலி எல்லாவற்றுக்கும் ஆரஞ்சு அடித்துவிட்டு எதிர் வீட்டுக் கதவில் பாதி வந்திருந்தாள்.

"அராசெல்லி அக்கா! ஊர் முழுக்க அடிக்கப்போறேன். மாதா சொல்லிட்டாங்க. உங்க வீட்டுக்கும் வர்றேன், மஞ்சள் வேணுமா? செருப்பு வேணுமா? எல்லாத்தையும் குடுத்துட்டேன், எனக்கு எதுக்கு செருப்பு!"

கண் ஜொலித்தது. பேச்சு மூச்சு விடாமல் வந்தது. அராசெல்லிக்கு வேறு டாக்டர் வேண்டியிருக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் இதே கண்ணை அவள் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள்.

ரூபியெலா அவள் கையைப் பிடித்தாள். "நாலு நாளா தூங்கல அக்கா. இவ அப்பா காபி லாரியோட கடற்கரைக்குப் போயிருக்காரு. அத்தை என்னடான்னா பக்தி முத்திருக்குங்கறாங்க. நீங்க டாக்டர்ங்களோட சுத்தறீங்க, சொல்லுங்க. இது ஏதாவது நோயா?"

அராசெல்லி அந்த முகத்தைப் பார்த்தாள். பிறகு, "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம்" என்றாள்.

அடுக்களையில் லெயோனிசா அரேப்பா ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எங்க வீட்டுல எழுதிக்க ஒண்ணுமில்ல. உன் டாக்டருங்ககிட்ட சொல்லிடு."

"லிசிமாகோ சித்தப்பா ஆப்பிரிக்காவுல சௌக்கியமா, அத்தை?"

சோளமாவு உருண்டை கையிலேயே நின்றது. அராசெல்லி தாளை விரித்து நிதானமாக வாசித்தாள். கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னடி வேணும் உனக்கு?"

"ஞாயித்துக்கிழமை பதினோரு மணிப் பூசை முடிஞ்சதும் கோயில் படியில நில்லுங்க. எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க. இது எங்க தாத்தா ரத்தம், எனக்குத் தெரியும்னு சொல்லுங்க. சொன்னா, வெளிய ஆடுதே உங்க பேத்தி, அவள யார்கிட்ட கூட்டிப்போகணும்னு நான் சொல்றேன்."

"அவளுக்கு ஒண்ணுமில்ல."

"எங்கப்பாவுக்கும் ஒண்ணுமில்லன்னுதான் சொன்னாங்க."

சனிக்கிழமை மதியம் மாயெர்லி பால்கனிக் கைப்பிடிமேல் ஏறி நின்று பெயின்ட் அடித்தபோது விழுந்தாள். கை முறிந்தது. சுகாதார நிலையத்தில் கட்டுப் போட்டார்கள். ஏன் ஏறினாள் என்று யாரும் கேட்கவில்லை. செய்தி வந்தபோது அராசெல்லி செருப்பை மாட்டினாள். வாசல்வரை போனாள். இன்னும் ஒரே ராத்திரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஞாயிறு. பூசை முடிந்தது. லெயோனிசா கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு படியில் நின்றாள். கூட்டம் தானாக அமைதியானது. அந்தக் கிழவி நின்றால் ஊர் கேட்கும். ரூபியெலா மகளின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"என் பேத்திக்கு சித்தம் சரியில்ல" என்றாள் லெயோனிசா. குரல் கொஞ்சமும் இறங்கவில்லை. "மறைக்க மாட்டேன். வெப்பப் பள்ளத்தாக்குலேர்ந்து மருமக எடுத்தோம். அவ வீட்டு ரத்தம் எங்க வீட்டுக்குள்ள வந்திருச்சு. நாங்க விசாரிக்காம எடுத்தது தப்பு."

ரூபியெலாவின் முகம் வெளுத்தது. ஊர் அவளைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வை அராசெல்லிக்குத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக அதைச் சுமந்தவள் அவள். படியேறிக் கிழவிக்கு எதிரே நின்று தாளைப் பிரித்து, கோயில் மணிக்கூண்டு வரை கேட்கும்படி வாசித்தாள். பூட்டிய அறை, பதினோரு வருஷம், லிசிமாகோ, மருத்துவமனை, தெரிந்தே சம்மதம்.

"ஆப்பிரிக்காவுக்குக் காசு போட்டவங்க எல்லாரும் உள்ள போய்ப் பதிவேட்டப் பாத்துக்கலாம். கையெழுத்து அத்தையோடதுதான்."

யாரோ சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். லெயோனிசா, "பொய்" என்றாள். அடுத்த தரம் "பொய்" வெறும் மூச்சாக வந்தது. ரூபியெலா மாமியாரைத் தாண்டி மகளோடு படியிறங்கினாள். முக்காடு சரிந்ததுகூடத் தெரியாமல் கிழவி அங்கேயே நின்றாள். இனிப்பாக இருந்தது. அராசெல்லிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை இனித்தது. அதை அவள் ஒளிக்கவுமில்லை.

மெதெயின் நகரத்து மருத்துவமனைக்கு மதியப் பேருந்தில் மூவரும் போனார்கள். அராசெல்லி டாக்டர் பெயரைச் சொன்னாள், மாத்திரையைப் பற்றிச் சொன்னாள், தன்னைப் போல நன்றாக இருக்கலாம் என்று சொன்னாள். ரூபியெலா கேட்டுக்கொண்டே வந்தாள். ஜன்னலோரம் மாயெர்லி கட்டுப்போட்ட கையோடு ஓயாமல் பாடிக்கொண்டு வந்தாள். மலை வளைவில் ரூபியெலா மெல்லத் திரும்பினாள்.

"அக்கா, நீங்க வெள்ளிக்கிழமை இவளப் பாத்தீங்களே. அப்பவே தெரியுமா?"

அராசெல்லி பொய் சொல்லியிருக்கலாம்.

"தெரியும்."

"பாத்தவுடனேயா?"

"பாத்தவுடனே."

ரூபியெலா மகளின் கையிலிருந்த கட்டைச் சரிசெய்தாள். பிறகு எழுந்து, அவளைக் கூட்டிக்கொண்டு முன்னால் காலியாக இருந்த இருக்கைக்குப் போனாள். போகும்போது, கோபமில்லாமல், வழி கேட்பவளைப் போலச் சொன்னாள்:

"நீங்களும் அத்தையோட ரத்தம்தான், அக்கா."