பூந்திக்கொட்டைத் தண்ணீர்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் ரியாசுதீனுக்குச் சோப்புக் கடை. துணிக்கு, தரைக்கு, பாத்திரத்துக்கு, உடம்புக்கு என்று எல்லாவற்றுக்கும் அவனிடம் சரக்கு உண்டு. வருடத்தில் இரண்டு தடவை நண்பர்கள் ஐந்து பேரோடு முதுகில் பையை மாட்டிக்கொண்டு கல்வராயன் மலையில் நடக்கப் போவான். இரண்டு நாள் நடை, நடுவில் ஒரு நாள் கூடாரத்தில் தங்கல், தாங்களே ஆக்கிக்கொள்கிற சாப்பாடு. சோப்பு வியாபாரி என்பதால் பாத்திரம் கழுவுகிற வேலை அவன் தலையில் விழுந்தது. அவனும் அதை விரும்பியே செய்தான்.

வழிகாட்ட வருகிறவர் காத்தான். வெள்ளிமலைக்கு அப்பால் முப்பது வீடுகள் உள்ள ஒரு சிற்றூரைச் சேர்ந்தவர், வயது நாற்பத்திரண்டு, சாமையும் கொஞ்சம் மரவள்ளியும் பயிர் வைத்திருந்தார். ஊருக்குக் கீழே ஓடை ஒரு பாறையிலிருந்து விழுந்து மடுவாகத் தேங்கும். அந்த மடுவின் மீன்கள் ஊர்ச் சாமிக்கு விட்டவை. யாரும் பிடிப்பதில்லை. காத்தானின் அம்மா பாவாயி தினமும் காலையில் களிச்சட்டியை அங்கேதான் மண் போட்டுத் தேய்ப்பாள். சட்டியில் ஒட்டிய களிக்காகக் கெண்டைகள் அவள் கணுக்காலை முட்டிக்கொண்டு வரும்.

தை மாதம் போயிருந்தபோது ரியாசுதீன் அவளுக்குப் பத்தடி மேலே உட்கார்ந்து சோப்புக்கட்டியால் குக்கரைத் தேய்த்தான். நுரை மிதந்து அவள் பக்கம் போயிற்று. அவள் கோபப்படவில்லை.

"இந்த நுரை வந்தா மீனு கிட்ட வர மாட்டேங்குது தம்பி," என்றாள். "அந்தாண்ட பாறைச் சந்துல போயி நின்னுக்குது."

அது அவனுக்கு உறைத்தது. பதினெட்டு வருடமாகச் சோப்பு விற்கிறவன், அது கழுவின பிறகு எங்கே போகிறது என்று யோசித்ததே இல்லை. அடுத்த தடவை நல்ல சோப்பாகக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு இறங்கினான்.

மாசி முழுவதும் வீட்டுச் சமையலறையில் அதே வேலையாக இருந்தான். ஒரே கறிக்குழம்புச் சட்டியின் பிசுக்கை ஒவ்வொரு சோப்பாலும் தேய்த்துப் பார்த்தான். இலைப்படம் போட்ட பச்சைத் திரவம் நன்றாகக் கழுவியது. ஆனால் எத்தனை அலசினாலும் நுரை விடவில்லை. தூள் அடியில் தங்கியது. எலுமிச்சைத் தோல் வாசனையாக இருந்தது; எண்ணெய் போகவில்லை. அவன் மனைவி ஷாஜியா சிரித்தாள்; மலைக்குப் போகிற ஆறு பேரும் கையைக் கழுவிக்கொண்டு இலையில் சாப்பிட்டால் தீர்ந்தது என்றாள். கடைசியில் காசிநாதன் என்பவரின் நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கிவந்தான். ஊறவைத்துக் காய்ச்சியதும் பழுப்பாக, கொழகொழவென்று தண்ணீர் இறங்கியது. பிசுக்கு சுத்தமாகப் போனது. மரத்தில் காய்ப்பது, மருந்து கலக்காதது, கையில் எரிச்சல் இல்லாதது. இதைவிட நல்ல சோப்பு கிடையாது என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

சித்திரையில் ஒரு கிலோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஓடை வற்றி, மடுவில் முழங்கால் அளவுதான் தண்ணீர் நின்றது. இரண்டாம் நாள் கொட்டைகளை மொத்தமாகக் காய்ச்சி, மடுவின் கரையிலேயே எல்லாப் பாத்திரங்களையும் கழுவினான். பாவாயி அன்று வயலுக்குப் போயிருந்தாள். காத்தானும் பைகளை ஏற்றி அனுப்ப மேலே ஊருக்குப் போயிருந்தார். அரைக்குண்டான் காய்ச்சிய தண்ணீர் மீந்தது. அதைத் தரையில் ஊற்றலாமா என்று ஒரு நண்பன் கேட்டான். தரையில் ஊற்றினால் என்ன, தண்ணீரில் ஊற்றினால் என்ன, காய்தானே என்று சொல்லிவிட்டு ரியாசுதீன் மடுவில் கவிழ்த்தான். மதியத்துக்குள் வேறு தடம் வழியாக இறங்கிவிட்டார்கள். இந்தத் தடவை யாருக்கும் ஒரு கெடுதலும் செய்யவில்லை என்ற நிறைவு அவனுக்கு இருந்தது.

பத்து நாள் கழித்துக் காத்தான் போன் செய்தார். ரியாசுதீன் சொல்லி வைகாசியில் வருவதாக இருந்த இன்னொரு கூட்டத்தை வர வேண்டாம் என்று சொல்லத்தான் கூப்பிட்டார். பிறகு மெதுவாகக் காரணம் சொன்னார். அவர்கள் இறங்கிப் போன மறுநாள் காலையில் மடு முழுக்க மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தனவாம். பாவாயிதான் முதலில் பார்த்தாள். ஊர் கூடிற்று. காத்தானின் தம்பி அம்மாசி இரண்டு வருடத்துக்கு முன்னால் கீழ்க்காட்டு ஓடையில் மீனை மயக்குகிற காரக்காயை இடித்துப் போட்டு மீன் பிடித்திருந்தான். அது ஊருக்கே தெரியும். சாமி மீனிலும் கை வைத்துவிட்டான் என்று எல்லாரும் அவனைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் இல்லை இல்லை என்றான். ஊர் நடுவில் காத்தானே அவனை அறைந்திருக்கிறார். பெற்றவளும் வீட்டுப்படி ஏறாதே என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள், கூலிக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி ஒருத்தனின் வண்டியில் ஏறிக் குடகுக் காபித் தோட்டத்துக்குப் போய்விட்டான். முப்பது வயது. அதற்கு முன் ஒரு வாரம்கூட வெளியூரில் தங்காதவன்.

"நம்ம வூட்டுலயே இப்பிடி ஒருத்தன் பொறந்தான் பாய்," என்று காத்தான் போனை வைத்தார்.

ரியாசுதீன் கடையை அப்படியே விட்டுவிட்டுக் காசிநாதனிடம் போனான். மீன் இருக்கிற தண்ணீரில் பூந்திக்கொட்டை கலந்தால் என்ன ஆகும் என்று கேட்டான்.

"தெரிஞ்சுதான் வாங்கினு போறீங்கன்னு நெனச்சேன்," என்றார் அவர். "பட்டுப்பொடவைக்கு வாங்குவாங்க, நகைக்கு வாங்குவாங்க. மீனுக்கு மட்டும் ஆவாது. காரக்கா மாதிரிதான். செவுள அடைச்சுடும்."

அன்றே அவன் போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. காத்தானின் பெயரைத் தேடி எடுத்துப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைப்பான். நேரில் சொல்வதுதான் முறை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். வெள்ளிக்கிழமை வந்தால் அடுத்த வெள்ளிக்கிழமை என்பான். இப்படியே முப்பத்தாறு நாள் போயிற்று. சோறு இறங்கவில்லை. ஷாஜியா இரண்டு தடவை கேட்டும் ஒன்றுமில்லை என்றவன், மூன்றாம் தடவை கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னான். தெரியாமல் நடந்துவிட்டது என்று முடித்தான்.



"மீனு செத்தது நீங்க தெரியாம செஞ்சது," என்றாள். "அந்த ஆளு இன்னிக்கும் அங்கியே கெடக்கிறது நீங்க தெரிஞ்சு செய்யறது."

மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்தான். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது மழை தூறியது. காத்தானின் வீட்டு வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தான். காத்தான் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, இதை ஊரில் சொல்ல வேண்டும் என்றார்.

ஊர் கூடியது. அடிப்பார்கள், வண்டியைப் பிடுங்கிக்கொள்வார்கள், இனி இந்தப் பக்கம் வராதே என்பார்கள் என்று அவன் எதிர்பார்த்து நின்றான். ஒருவரும் சத்தம் போடவில்லை. தெரியாத மனுஷன், நல்லது செய்யப் போய் இப்படி ஆகிவிட்டது, மலை ஏறி வந்து ஒப்புக்கொண்டானே, அதுவே பெரிது என்றார்கள். சாமிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிடச் சொன்னார்கள். யாரோ ஒரு தம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அம்மாசிக்கு இதில் ஒரு துளி கிடைக்கவில்லை.

பாவாயி ஓரமாக நின்றிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு அருகில் வந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது தம்பி ஒனக்கு?"

"ஒரு மாசத்துக்கு மேல ஆச்சும்மா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

அம்மாசியின் போன் எண் மாறியிருந்தது. மேஸ்திரியைப் பிடித்து இடத்தைத் தெரிந்துகொண்டு, காத்தானும் ரியாசுதீனும் சேலம், பெங்களூர், மைசூர் என்று பஸ் மாறி மாறிப் போனார்கள்.  வழியில் ஓசூரில் சாப்பிட இறங்கியபோது காத்தான், சின்ன வயதில் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடத்துக்கு நடப்பேன் என்றார். பிறகு இலையை மூடிவிட்டார்.

தோட்டத்தில் நல்ல மழை. நிழல் மரங்களின் கிளை கழிக்கிற வேலை. அம்மாசி கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். இளைத்திருந்தான், முழங்கையில் அட்டை கடித்த தழும்புகள். கூலிக்காரர்கள் தங்கும் வரிசை வீட்டின் தாழ்வாரத்தில் மூவரும் உட்கார்ந்தார்கள். ரியாசுதீன் பேச ஆரம்பித்தான். பாதியிலேயே அம்மாசிக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. இருந்தாலும் கடைசிவரை கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?" என்று அண்ணனிடம் கேட்டான்.

"அம்மாதான் அனுப்புச்சி. கெளம்பு, போவலாம்."

அம்மாசி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எத்தினி வாட்டி சொன்னேண்ணா," என்றான். குரல் உயரவே இல்லை. "இவரு ஒரே ஒரு வாட்டி சொன்னாரு. நம்பிட்டீங்க."

காத்தான் தம்பியின் கையைப் பிடித்தார். அவன் இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் எழுந்திருக்கவும் இல்லை. தன் மேல் தப்பு என்று காத்தான் சொன்னார், இன்னொரு தடவையும் சொன்னார், அழுதார். அம்மாசி உள்ளே போய் இரண்டு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தான். அம்மாவுக்குப் போன் செய்வதாகச் சொன்னான். நாலரை மணி பஸ்ஸை விட்டால் மடிக்கேரிக்கு வேறு பஸ் கிடையாது என்றும் சொன்னான். தோட்டத்து வாசல் வரைக்கும் கூட நடந்து வந்தான். ரியாசுதீன் கும்பிட்டபோது தலையை மட்டும் ஆட்டினான்.

அவன் திரும்பி வரவில்லை. ஆடி நோன்பன்று அம்மாவிடம் போனில் பேசினான். மழை, வேலை, சாப்பாடு என்று நாலு வார்த்தை. ஊரில் கிடா வெட்டு என்று சொல்லியும் வரவில்லை. காத்தான் கூட்டங்களுக்கு வழிகாட்டப் போவதை விட்டுவிட்டார். ரியாசுதீனும் பையை மாட்டிக்கொண்டு எங்கேயும் போகவில்லை. நண்பர்கள் கூப்பிட்டுப் பார்த்து அலுத்துப் போனார்கள்.

ஐப்பசியில் ஒருநாள் காத்தான் கடைக்கு வந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். அம்மாசி மாலையும் கழுத்துமாக நின்றான்; பக்கத்தில் யாரோ ஒரு பெண். அங்கே வேலை செய்கிறவள். கல்யாணம் முடிந்து எட்டு நாள் கழித்துப் படம் மட்டும் வந்தது என்றார் காத்தான். அம்மாவுக்குப் போனில் பார்த்தால் கண் தெரியவில்லையாம். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். எந்தக் கடையில் போடுவார்கள் என்று கேட்டார்.

ரியாசுதீன் கடையைச் சாத்திவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனான். கம்ப்யூட்டரில் படம் பெரிதாக விரிந்ததும் காத்தான் திரைக்கு மிக அருகில் குனிந்தார்.

"நல்லாத்தான இருக்கான்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காருண்ணே."

படம் அச்சாகி வந்தது. காத்தான் அதை வேட்டி நுனியால் ஒரு தடவை துடைத்து, உறையில் போட்டு, மடங்காமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெள்ளிமலை பஸ்ஸுக்கு நடந்தார்.