வருண லிங்கம் எத்தனை நாள்?

இதனால் சகல ஜனங்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்: ஒரு மென்பொருள் வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை அரை நிமிடத்தில் கணித்துவிடும் அரிய முறை, 2004ஆம் ஆண்டு ஆவணி மாதம், திருவண்ணாமலை செங்கம் சாலையில், ஒரு பேக்கரியின் மாடியில், நான்கு பேர் கொண்ட குழுவால் கண்டறியப்பட்டு உலகுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகம் இதுவரை வந்து வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த நால்வரில் நான் ஒருவன். பெயர் பலராமன். அப்போது வயது இருபத்தாறு. தலையில் முடி இருந்தது.

முதலாளி பரசுராமன், தட்டச்சுப் பயிலகமாகத் தொடங்கிக் கம்ப்யூட்டர் சென்டராக வளர்ந்து, ஒரு நல்ல நாளில் வாசல் பலகையை மட்டும் மாற்றி மென்பொருள் நிறுவன அதிபரானவர். கம்ப்யூட்டர் மூன்று, ஃபேன் ஒன்று. ஃபேனுக்கு நேர் கீழே ஒரு பிளைவுட் தடுப்பு. அதில் ‘நிர்வாக இயக்குநர்’ என்று எழுதியிருக்கும். தடுப்பு இடுப்பு உயரம்தான் என்பதால் நிர்வாக இயக்குநர் முறுக்கு தின்பது எல்லோருக்கும் தெரியும்.

ஆவணியில் அவர் சென்னைக்குப் போய் ஏசி ஓட்டலில் இரண்டு நாள் பயிலரங்கில் உட்கார்ந்துவிட்டு, ‘அஜைல்’ என்ற புது வேலைமுறையின் பெயரோடு திரும்பினார். சான்றிதழை லேமினேட் செய்து பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிய பிறகுதான் எங்களிடம் பேசினார். இனிமேல் ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்பதை அவர் சொல்ல மாட்டாராம், குழுவே சொல்லுமாம். ஒவ்வொருவர் கையிலும் சீட்டுகள் இருக்கும். வேலையின் அளவை மனதில் நினைத்துக்கொண்டு, மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் சீட்டைக் காட்ட வேண்டும். ஒருவர் முகத்தைப் பார்த்து இன்னொருவர் மாற்றிக்கொள்ள வழியில்லை.

பயிலரங்கில் கொடுத்த சீட்டுக்கட்டு எங்கே என்று கேட்டோம். செஞ்சியில் டீ குடிக்க இறங்கியபோது, பஸ்ஸில் இடம் பிடிப்பதற்காக அதைத்தான் சீட்டின் மேல் வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். திரும்பி வந்தபோது இடமும் இல்லை, கட்டும் இல்லை. நினைவில் இருந்த எண்களைப் போர்டில் எழுதிக் காட்டினார்: ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று.

“நாலு எங்க சார்?” என்று கேட்டார் தர்மதேவி.

“நாலு கெடையாதும்மா.”

“ஏன் சார்?”

“அதாம்மா அஜைல்.”

தர்மதேவி எங்கள் குழுவின் ஒரே உருப்படியான ஆள். கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு சமணக் கிராமம். காலை ஒன்பது மணி பஸ்ஸில் வருவார், கையில் இரண்டு டிபன் பாக்ஸ் இருக்கும். ஒன்று மத்தியானத்துக்கு. மற்றொன்றை ஐந்து மணி அடித்ததும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து திறப்பார். பொழுது சாய்ந்த பிறகு அவர்கள் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. ஐந்தே காலுக்கு டப்பாவைக் கழுவி, ஐந்து இருபது பஸ்ஸைப் பிடித்துவிடுவார். வீட்டில் அவரும் அப்பா ஜினசேனனும் மட்டும். அப்பாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஐந்து இருபது பஸ் எட்டுகிற தூரத்தில் இருக்கிற வேலையை மட்டும்தான் தர்மதேவியால் பார்க்க முடியும். அப்படிப்பட்ட வேலை ஜில்லாவிலேயே ஒன்றுதான் இருந்தது. பேக்கரி மாடியில்.

நாலு இல்லாத எண்கள் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அப்போது காசிதான் அந்த மகத்தான யோசனையைச் சொன்னான். காசி, அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வருகிறவன், வாய் கம்மி. மலை சுற்றும் பாதையில் எட்டு லிங்கம் இருக்கிறதே, அதையே சீட்டில் எழுதிக்கொண்டால் என்ன என்றான். எது பக்கம், எது தூரம் என்று ஊரில் எல்லோருக்கும் காலிலேயே தெரியும். இது இந்த லிங்கம் வரைக்கும் நடக்கிற வேலை என்று சொன்னால் போதும்.

பரசுராமன் கண் கலங்கினார். போன வருஷக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தை வெட்டி, ஆளுக்கு எட்டுச் சீட்டு செய்தோம். பார்க்கச் சின்னதாக இருந்து, உள்ளே போனால் மாட்டிக்கொள்கிற வேலைக்கு ‘இடுக்குப் பிள்ளையார்’ என்று ஒன்பதாவதாக ஒரு சீட்டு வைக்கலாம் என்றேன். முதலாளி மறுத்துவிட்டார். முந்தைய வருஷம் அந்தக் கோயிலின் இடுக்கில் தவழ்ந்து போகிறேன் என்று போய், பத்து நிமிஷம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் இருந்தவர் அவர். ஊரே பார்த்தது.

சீட்டுகளில் நான் எண்ணையும் எழுதப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்.

“நம்பர் எழுதாதே. நம்பர் எழுதினா பழைய முறை ஆயிடும்.”

ஆக, யாரும் எழுதவில்லை. வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. ஊர்க்காரனுக்குத் தெரியாதா? ராஜகோபுரத்துப் பக்கத்தில் இந்திர லிங்கம், ஒரு நாள். அக்னி இரண்டு. யமன் மூன்று, நிருதி நான்கு, வருணன் ஐந்து. இப்படியே வாயு, குபேரன் தாண்டிக் கடைசியில் ஈசானியம், எட்டு நாள்.

அந்த இரண்டு மாதம் போல் இன்பமாக நான் வேலை பார்த்ததில்லை. கீழேயிருந்து ரொட்டி வேகிற வாசனை வரும். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்பார் முதலாளி. நாலு கை மேலே போகும். எந்தச் சீட்டு ஜாஸ்தி பேர் கையில் இருக்கிறதோ அதுவே தீர்ப்பு. சீட்டுகள் வேறுபட்டால் காரணத்தைக் கேட்க வேண்டும் என்று பயிலரங்கில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அதைச் சொன்னது இரண்டாம் நாள் மத்தியானம். அன்று மத்தியானம் பிரியாணி.

இதில் காசி ஒரு மேதை என்பதும் வெளிப்பட்டது. ஒரு பக்கத்தில் பொத்தான் ஒன்று சேர்க்க வேண்டும். நாங்கள் மூவரும் இந்திரன் காட்டினோம். காசி வாயு காட்டினான். ஆறு நாள் வேலை என்று சொன்னவன் அன்று சாயங்காலமே முடித்துவிட்டான். குபேரன் காட்டிய வேலையை இரண்டே நாளில் முடித்தான். ஏழு நாள் வேலை இரண்டு நாளில்! பரசுராமன் அவனுக்கு ஒரு பேனா பரிசளித்தார். அவன் இந்திரன் காட்டிவிட்டு நாலு நாள் இழுத்ததும் உண்டுதான். மேதைகளின் பிழைகளை யார் எண்ணிக்கொண்டிருப்பது?

ஐப்பசியில் லாட்ஜ் வேலை வந்தது. ஆசிரமம் பக்கத்துப் பன்னிரண்டு லாட்ஜ்களுக்கும் சேர்த்து ஒரே அறைப் பதிவு மென்பொருள். தீபத்துக்கு முன்னால் ஓட வேண்டும். லாட்ஜ்காரர்களின் தலைவர் ராஜேந்திரன் அன்றைக்கே நோட்டீஸ் அடித்து ஊரெல்லாம் ஒட்டிவிட்டார்: கார்த்திகை முதல் சனிக்கிழமையிலிருந்து கணினி மூலம் அறைகள். இது நன்றாக ஓடினால் வருஷ ஒப்பந்தம். ஓடாவிட்டால் கடையை மூடிக்கொண்டு சென்னையில் மச்சான் கம்பெனியோடு சேர்ந்துவிடுவதாகப் பரசுராமன் சொன்னார். வர விரும்புகிறவர்கள் வரலாமாம். சொல்லும்போது தர்மதேவி பக்கம் மட்டும் அவர் பார்க்கவில்லை.

மற்றதெல்லாம் முடிந்து ஒரே ஒரு வேலை மிச்சமிருந்தது. ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடாமல் தடுப்பது. நோட்டீஸில் போட்ட நாளுக்கு முந்தைய சனிக்கிழமை அதற்குச் சீட்டு எடுத்தோம். ஒண்ணு, ரெண்டு, மூணு. நான்கு பேர் கையிலும் வருண லிங்கம்.

முதலாளி எழுந்து நின்றுவிட்டார். இதுதான் குழு மனம் என்றார், இதைத்தான் சென்னையில் படம் போட்டுக் காட்டினார்கள் என்றார். எல்லோருக்கும் கீழேயிருந்து பப்ஸ் வந்தது. அந்த வேலை காசிக்குப் போனது. காசி ஐந்து நாள் என்றால் இரண்டு நாளில் முடிப்பான் என்பது அவர் கணக்கு.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. காசி நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தான். முடிந்ததா என்று தர்மதேவி கேட்டார்.

“இன்னும் மூணு நாள் இருக்குதுங்களே.”

“வருண லிங்கம்னு நீங்களுந்தான காமிச்சீங்க?”

“ஆமா. எட்டு நாள்.”

“வருணன் அஞ்சுங்க.”

“எப்படிங்க அஞ்சு?” காசிக்கு உண்மையிலேயே புரியவில்லை. “எங்க வீட்டுல இருந்து கெளம்பினா மொதல்ல வாயு. அப்புறம் குபேரன், ஈசானியம், இந்திரன், அக்னி, யமன், நிருதி. வருணன்தான் கடைசி. அதத் தாண்டினா வீடு வந்துடும்.”

“இந்திரன்ல இருந்துதான எல்லாரும் கெளம்புவாங்க?” என்றேன் நான்.

“எல்லாரும்னா யாரு? நீங்க டவுன்காரங்க. மலைய சுத்தணும்னு எங்க ஊர்க்காரன் காலங்காத்தால பஸ் ஏறி டவுனுக்கு வந்துட்டா கெளம்புவான்?”

பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் முறுக்குச் சத்தம் நின்றது. வாயு என்றால் ஒன்று, குபேரன் என்றால் இரண்டு. மேதை ஒருவர் எங்கள் கண் முன்னாலேயே மறைந்துகொண்டிருந்தார்.

“இது வரைக்கும் உங்களுக்கு சந்தேகம் வரலியாம்மா?” என்று பரசுராமன் தர்மதேவியைக் கேட்டார், யாரையாவது கேட்க வேண்டுமே.

“நான் மலைய சுத்துனதே இல்ல சார். செவுத்துல மாட்டியிருக்கற உங்க கிரிவலக் காலண்டர பாத்து வரிசைய மனப்பாடம் பண்ணேன்.”

விடிந்தால் சனிக்கிழமை. பன்னிரண்டு லாட்ஜிலும் மாலை போட்டுக் கம்ப்யூட்டரை வைத்திருந்தார்கள். பரசுராமன் மச்சானுக்குப் போன் போட நம்பரைத் தேட ஆரம்பித்தார். தர்மதேவி ஐந்து மணிக்கு டப்பாவைத் திறந்து, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, மூடி வைத்தார். அவர் அப்படி மூடி வைத்து நான் பார்த்ததில்லை.

“சார், அந்த ஒரு வேலைய நான் பாத்துக்கறேன்.”

காசிக்குப் பதில் அவரே நிரலை எழுதப்போகிறார் என்று முதலாளி நினைத்தார். இல்லை. லாட்ஜில் அறை எண்ணைத் தட்டியதும் திரையில் ‘சரிபார்க்கப்படுகிறது’ என்று வர வேண்டும். கேள்வி எங்கள் மாடிக்கு வரும். அவர் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து ஆம் அல்லது இல்லை என்று ஒரு பொத்தானை அமுக்குவார். மூன்று நாளைக்கு இப்படி. செவ்வாய்க்கிழமை காசியின் வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலாளி கேட்டார். யாரும் சீட்டு எடுக்கவில்லை. பத்து நிமிஷம் என்றார் தர்மதேவி. பத்து நிமிஷம்தான் ஆனது. மிச்சச் சாப்பாட்டை முடித்து ஐந்து இருபது பஸ்ஸையும் பிடித்துவிட்டார்.

சனிக்கிழமை காலையிலிருந்து அவர் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தார். லாட்ஜ்களில் கூட்டம் கூடி நின்று திரையைப் பார்த்தது. “கம்ப்யூட்டர் யோசிக்குது,” என்று ராஜேந்திரன் வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொன்னாராம். ஐந்து மணிக்கு யோசனை நின்றுவிடும். ஐந்தே காலுக்கு இரண்டு அறை கொடுத்துவிட்டு, அதன் பிறகு மறுநாள் காலை ஒன்பது வரை பேசாது. சாயங்காலமானால் மிஷின் சூடாகிவிடுகிறதா என்று ராஜேந்திரன் கேட்டார். பரசுராமன் அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொன்னார்.

ஒருநாள் அந்தச் சாப்பாட்டு நேரத்தைக் காப்பாற்ற நானே போய் உட்கார்ந்தேன். முதல் நிமிஷத்திலேயே ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுக்கப் போனேன். தர்மதேவி சோற்றுக் கையோடு எழுந்து வந்து இடது கையால் ‘இல்லை’யை அமுக்கினார். மறுநாளிலிருந்து ஐந்து மணிக்கு மிஷின் சூடாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

செவ்வாய் வந்தது. பந்தியில் உட்கார்ந்த பிறகு இலையை மாற்ற வேண்டாம் என்று தர்மதேவி சொல்லிவிட்டார். தீபம் வந்தது. பேக்கரி மொட்டை மாடியிலிருந்து மலை உச்சியைப் பார்த்தோம். பன்னிரண்டு லாட்ஜில் ஒரு அறைகூட இரண்டு பேருக்குப் போகவில்லை.

ராஜேந்திரன் வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரே ஒரு நிபந்தனை: இதே கம்ப்யூட்டர்தான் இருக்க வேண்டும், புதுசாக எதையும் கொண்டுவந்து மாட்டக் கூடாது. விழா எடுத்து, பரசுராமன் அஜைலைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். அலுவலகம் பேக்கரி மாடியிலேயே இருந்தது. தர்மதேவியின் இரண்டாவது டப்பாவும் ஜன்னலோரத்திலேயே இருந்தது, நான் சென்னைக்குப் போன 2008 வரைக்கும், அதற்குப் பிறகும்.

நான் பார்த்த கம்பெனிகளில் வழவழப்பான சீட்டுகள் கொடுத்தார்கள். நாலு இல்லாத அதே எண்கள்தான். யாராவது ஐந்து என்று காட்டும்போதெல்லாம், இவர் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறாரோ என்றுதான் எனக்குத் தோன்றும். கேட்டால் சிரிப்பார்கள். இங்கே ரொட்டி வாசனையும் கிடையாது. என் மேசையில் கல்யாணப் பத்திரிகையில் வெட்டிய வருண லிங்கச் சீட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அதை எடுத்துப் பார்க்கும்போது, ஒரு எண்ணை மட்டும் அதில் எழுதியிருந்தால் எவ்வளவு துல்லியமான முறை அது என்று நினைத்து நெஞ்சு நிறையும்.

ஐந்து நாள் என்று நாங்களும் எட்டு நாள் என்று காசியும் சொல்லி, கடைசியில் எந்த லாட்ஜிலும் மாட்டாமலே போன அந்த வேலையைக் காசி எழுதி முடிக்க அறுபத்திரண்டு நாள் ஆனது.