புளி போட்டு விளக்கிய ரூபாய்

கூத்தையாவுக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க வேண்டும், எழுந்தால் நடக்க வேண்டும். இப்படிப்பட்ட மனுஷனைக் கண்டக்டராக்கியது யார் செய்த புண்ணியமோ, ராமநாதபுரத்துக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே நாளெல்லாம் நின்றுகொண்டே போய்வருகிற வேலை அவருக்குக் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. ஆனால் 2008 புரட்டாசியில் அவரைப் பிடித்த பரபரப்பு வேறு ரகம். அதற்குக் காரணம் இரண்டு வெள்ளி ரூபாய்கள். அவையும் அவருடையவை அல்ல, பெண்டாட்டி சண்முகவள்ளியுடையவை.

சண்முகவள்ளி உச்சிப்புளியில் பஸ் நிற்கிற இடத்தில் கூடை வைத்து இடியாப்பம் விற்றாள். மழை வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டம், வெயில் வந்தால் நிழல் தேடி ஓட்டம். எதிரே இருளாண்டியின் கடை காலியானதும் அவள் நேரே போய்க் கேட்டுவிட்டாள். “கார்த்திகை பொறக்குறதுக்குள்ள அட்வான்ஸக் குடுத்தா கடை ஒனக்குத்தா. இல்லேன்னா செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ற பய கேக்குறான், அவனுக்கு” என்று இருளாண்டி ஒரே போடாகப் போட்டார். அவள் வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணத்தன்று அம்மா கையில் வைத்துவிட்ட, வெள்ளைக்காரன் காலத்து ராஜா தலை ரூபாய் இரண்டும் அடியில் கிடந்தன. எடுத்துப் புருஷனிடம் நீட்டினாள்.

“வித்துட்டு வாங்க. எனக்குக் கடை வேணும்.”

கீழக்கரையில் பழைய காசு வாங்குகிறவள் நஃபீசா. புருஷன் துபாயில். வீட்டு மாடியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு லென்ஸ், இதுதான் அவளுடைய வியாபாரம். ரூபாயை விளிம்பில் மட்டும் பிடித்து, விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

“கைமாறக் கைமாற மொதல்ல தேயிறது மேட்டுல இருக்கிறதுதாண்ணே. கன்னம், மீசை, கிரீடத்து மணி. ரெண்டும் பொழங்குன காசுதான், ஆனா மீசை மயிரு இன்னும் தெரியுது. மாஷா அல்லாஹ், நல்லா வச்சிருக்கீக. இந்த வருஷத்துக் காசு கொஞ்சமாத்தான் கெடைக்கும். ரெண்டையும் இப்பவே குடுத்தா கடை அட்வான்ஸுக்குக் காணும்.”

பணத்தை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதானே? வரமாட்டாரே நம்ம ஆள்! யாரோ ஒரு பயணி பஸ்ஸில் சொன்னது மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது.

“வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பி, காசோட தரத்துக்கு மார்க் வாங்குனா வெல ஏறுமாம்ல தங்கச்சி?”

“பொழங்குன காசுக்கு அது பெரும்பாலும் கட்டாதுண்ணே. போற செலவு, வார செலவு, கம்பெனிக்குக் கூலி. நல்ல மார்க் விழுந்தா மூணு மடங்கு போகும். விழலேன்னா போட்டதும் போச்சு.”

கூத்தையாவின் காதில் ‘மூணு மடங்கு’ மட்டும் விழுந்தது, மற்றதெல்லாம் காற்றோடு போயிற்று. பண்டிகை முன்பணத்தை அப்படியே எண்ணி வைத்தார். இரண்டில் ஒரு ரூபாயை அனுப்பத்தான் அது போதுமானதாக இருந்தது. நஃபீசா விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். அவளுடைய மச்சான் மறுநாள் சிங்கப்பூர் கிளம்புகிறார், காசை நேராக அவர் கையில் கொடுத்துவிடலாம், அங்கே கம்பெனியில் அவரே சேர்த்துவிடுவார் என்றாள்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் மடியில் போட்டுப் பார்த்தார். இரண்டும் கருத்துக் கிடந்தன. இதையா சீமைக்காரன் முன்னால் வைப்பது? அடுப்படிக்குப் போய்ப் புளியை ஒரு உருண்டை எடுத்தார், திருநீற்றைக் கொட்டினார், குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல ஒரு ரூபாயைத் தேய்க்க ஆரம்பித்தார்.

“அவுக அப்படித் தேய்க்கச் சொன்னாகளா?” என்றாள் சண்முகவள்ளி.

“தேய்க்காதேன்னும் சொல்லலையே! பொண்ணு பாக்க வாரவுக முன்னால எண்ணெ வடியிற மூஞ்சியோடவா நிறுத்துவாக? நான் நெதம் எத்தன ஆயிரம் காசு பாக்குறவன், எனக்குச் சொல்ல வந்துட்டா!”

ரூபாய் பளீரென்று வந்தது. ராஜாவின் கன்னம் மினுங்கியது. அவருக்கே பெருமை தாங்கவில்லை. அடுத்ததையும் எடுத்தபோது அவள் புளியைப் பிடுங்கிக்கொண்டாள். “ஒண்ணுதான போகுது? எனக்குக் கொழம்புக்கு வேணும்.” ஆகவே அது கருப்பாகவே தப்பியது. விளக்கியதைப் பட்டுத்துணியில் சுற்றி மறுநாள் மச்சான் கையில் சேர்த்தார். கருத்ததைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், பஸ்ஸில் நாலு பேரிடம் காட்டி, “இதோட கூடப்பொறந்தது சிங்கப்பூர் போயிருக்கு” என்று சொல்ல வேண்டுமல்லவா!

அப்புறம் அவர் பட்ட பாடு இருக்கிறதே, எதிரிக்கும் வரக்கூடாது. எவன் போன் அடித்தாலும் இவர் பையைத் தடவுவார். மண்டபத்துக்கு டிக்கெட் கேட்டவனுக்குத் தங்கச்சிமடத்துக்குக் கிழித்துக் கொடுத்தார். விசிலை ஊதிவிட்டு, ஆள் ஏறவில்லையே என்று மறுபடி ஊதுவார். டிரைவர் செபஸ்தியான் பாம்பன்காரர், பொறுமைசாலி. அவருக்கே பொறுக்கவில்லை. “ஏலே கூத்தையா, வண்டிய நான் ஓட்டவா, நீ ஓட்டுறியா?” என்று ஒருநாள் கத்தினார்.

ஐப்பசி பாதி கழிந்தது. வாடைக்காற்று தொடங்கிவிட்டது. இருளாண்டி பார்க்கும்போதெல்லாம் “என்ன மாப்ள?” என்று மட்டும் கேட்டார். சண்முகவள்ளி மழைக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியபடியே இருந்தாள். அதுதான் கூத்தையாவை அதிகமாக அரித்தது.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறினால் வடநாட்டு யாத்ரீகர்கள் எதையாவது வேண்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கடலுக்குக் காசு எறிவார்கள். எத்தனையோ வருஷமாக அதைப் பார்த்துச் சிரித்தவர்தான் கூத்தையா. அன்றைக்கு ஒரு கிழவி கண்ணை மூடிக்கொண்டு, உதடு துடிக்க, ஒரு காசை எறிந்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. நாமும் ஒன்று போட்டால் என்ன? எட்டணாவைப் போட்டு மூன்று மடங்கு கேட்டால் சமுத்திரராஜன் காறித் துப்புவானே. வெள்ளியாகப் போட வேண்டும். கை தானாகச் சட்டைப்பைக்குள் போனது. கருத்த ரூபாயை எடுத்துப் பார்த்தார். தீய்ந்த தோசை மாதிரி இருந்தது. இதற்கு என்ன மார்க் விழப்போகிறது? சிங்கப்பூர் போனவன் நல்லபடியாகத் திரும்பட்டும், வள்ளிக்கு இந்த மாதிரி நாலு வாங்கித் தருவோம்.

படிக்கட்டில் நின்று வீசினார். காற்று அதைக் கொஞ்ச தூரம் பக்கவாட்டில் கொண்டுபோனது, அப்புறம் தெரியவில்லை.

“என்னலே எறிஞ்ச?” என்றார் செபஸ்தியான்.

“ஒண்ணுமில்ல, வேண்டுதல்.”

மனசு லேசாகிவிட்டது அவருக்கு. அன்று எல்லாருக்கும் சரியான டிக்கெட் கொடுத்தார்.

ஐப்பசி கடைசியில் நஃபீசா கூப்பிட்டாள். லீவு போட்டுவிட்டு ஓடினார். மேசைமேல் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ரூபாய் ஜொலித்தது. கூத்தையாவுக்கு முகமெல்லாம் பல். நஃபீசாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

“தேய்ச்சீகளாண்ணே?”

“புளி போட்டு விளக்கினேன். ஏன், நல்லாத்தான இருக்கு?”

“தேய்ச்ச காசுன்னு எழுதி அனுப்பிட்டாக. மார்க்கே போடல. இந்தக் கீறலப் பாருங்க, மீசை மயிரெல்லாம் போச்சு. இனி இது வெறும் வெள்ளி வெலைக்குத்தான் போகும்.” அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “கருப்பு அழுக்கு இல்லண்ணே. அத்தன வருஷம் பெட்டியில கெடந்தா வெள்ளி தானா அப்படி நெறம் புடிக்கும். வாங்குறவன் அதத்தான் தேடுவான். உங்ககிட்டச் சொல்லாம விட்டது என் தப்பு. போகட்டும், இன்னொண்ணத் தேய்க்கல இல்ல?”

“தேய்க்கல.”

“அல்ஹம்துலில்லாஹ்! அதுவே போதும். ஒரு ஆளு கேட்டுக்கிட்டு இருக்காரு. அது ஒண்ணுக்கே உங்க அட்வான்ஸ் முழுசும் தாரேன். வள்ளியக்காவுக்கு இப்பவே போன் பண்ணிச் சொல்லிடுறேன், கவலப்படாதீங்கன்னு.”

அவர் என்ன சொல்லிவிட்டுப் படியிறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை. உச்சிப்புளி வரும்வரை பஸ்ஸில் ஒரு சீட்டில் உட்கார முடியவில்லை. வழியில் இறங்கி எங்கேயாவது போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. எங்கே போவது?

இறங்கும்போதே பார்த்துவிட்டார். கடை திறந்து கிடந்தது. சண்முகவள்ளி கூட்டி, கழுவி, வாசலில் கோலம் போட்டிருந்தாள். இருளாண்டி கையில் சாவியோடு நின்றார். அவரைக் கண்டதும் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

“நஃபீசா சொல்லுச்சு. போனது போகட்டும், விடுங்க. நீங்க என்ன வேணும்னேவா செஞ்சீங்க? நல்லவேள, நான் அந்தப் புளியப் பிடுங்குனேன்!” கையை நீட்டினாள். “அந்தக் கருத்ததக் குடுங்க. நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாரேன்.”

“வள்ளி... பாலத்துல போட்டுட்டேன்.”

“என்னத்த?”

“அத. சிங்கப்பூர் போனது நல்லபடியா வரணும்னு வேண்டிக்கிட்டு.”

அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

“எங்கம்மா குடுத்தது. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா?”

அவள் இருளாண்டி பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, சாவிய அந்த ரீசார்ஜ் பயகிட்டக் குடுத்துருங்க. கடையக் கூட்டித்தான் வச்சிருக்கேன்.”

ராமேஸ்வரம் பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் கூடையை எடுத்துக்கொண்டு ஜன்னலோரமாகப் போனாள். “இடியாப்பம்... இடியாப்பம்...” என்று கூவினாள்.