மூன்றாவது அழைப்பு

கசகஸ்தானின் தாராஸ் நகரத்துக்கு வந்து ஏழு வாரங்களாகியும் ஷகீபாவுக்குக் கசாக் மொழியில் உருப்படியாகத் தெரிந்தவை இரண்டே சொற்கள். ஒன்று 'வேண்டாம்', இன்னொன்று 'நன்றி'. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது நெஞ்சில் கை வைத்து லேசாகக் குனிவாள். ஆப்கானிஸ்தானில், ஹெராத்தில் அவள் அம்மா அப்படித்தான் பழக்கியிருந்தாள்.

ஹெராத்தில் அவளுக்கு வாயாடி என்று பெயர். ரொட்டி வாங்கப் போனால், வாங்கிய ரொட்டி கையிலேயே ஆறிப்போகும் வரை பேசிவிட்டுத்தான் வீடு திரும்புவாள். இங்கே கணவன் யாகூப் காலையில் சந்தையிலிருக்கும் துணிக்கடைக்குக் கிளம்பிவிட்டால், பிறகு அவளுக்குப் பேச்சுத்துணை நான்கு வயது சதஃப் மட்டும்தான். சதஃபோ அம்மாவைவிடப் பொம்மைகளோடு பேசுவதையே விரும்பினாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாய் இருந்து, அதில் போட்டுக்கொள்ள மொழி இல்லாத பிள்ளை என்ன செய்யும்? ஷகீபா சமையலறை ஜன்னலில் நின்று, சாலையோரக் கால்வாயில் மிதந்து போகும் மஞ்சள் இலைகளை எண்ணிக்கொண்டிருப்பாள். சில நாட்களில் அவற்றோடும் பேசினாள்.

இத்தனைக்கும் எதிர்வீட்டு ரபிகா முதல் வாரமே வலிய வந்து அழைத்தவள். ஐம்பதை நெருங்கும் பருத்த பெண்மணி. வீட்டிலேயே திரைச்சீலை தைப்பவள் என்பதால் அளவு நாடா எந்நேரமும் கழுத்தில் தொங்கும். கதவைத் திறந்து, கையிலிருந்த ரொட்டியைக் காட்டி, "வா மருமகளே, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ" என்றாள். சொற்கள் புரியாவிட்டாலும் அழைப்பு புரிந்தது. ஷகீபாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்து, குனிந்து, "வேண்டாம், நன்றி" என்றாள்.

சொல்லிவிட்டு இரண்டாவது அழைப்புக்காகப் புன்னகையோடு நின்றாள். அதையும் மறுக்க வேண்டும். மூன்றாவது முறை அழைத்த பிறகு, "ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றபடி செருப்பைக் கழற்ற வேண்டும். முதல் அழைப்பிலேயே உள்ளே நுழைகிறவளை ஹெராத்தில் சோற்றுக்குச் செத்தவள் என்பார்கள்.

இரண்டாவது அழைப்பு வரவில்லை. ரபிகா ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

மேல்மாடியிலும் கீழ்வீட்டிலும் இதே கதை நடந்தது. ரபிகா மட்டும் சளைக்காமல் ஒன்பது முறை அழைத்தாள், ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு தடவை. 'இந்த ஊரில் ஒப்புக்குத்தான் கூப்பிடுகிறார்கள்' என்று ஷகீபா முடிவு கட்டினாள். பத்தாவது முறை ரபிகா கூப்பிடவில்லை. தலையை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

அக்டோபர் கடைசியில், தெருமுனை நூலகத்தில் இலவச கசாக் வகுப்பு தொடங்கியது. செவ்வாய், வியாழன், சனி. காலை பத்து மணி. ஷகீபா முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சதஃபுக்கு இரட்டைச் சடை போட்டு, கையோடு அழைத்துப் போனாள்.

ஆசிரியை தோர்கினுக்கு இருபத்தாறு வயது. அந்த வகுப்பிலேயே சின்னவள் அவள்தான். நரைத்த மீசை வைத்த துருக்கிக் கொத்தனார்கூட அவளை "டீச்சர்" என்று எழுந்து நின்று அழைத்தார். ஷகீபாவுக்குப் பக்கத்தில் தஜிகிஸ்தானின் துஷான்பேயிலிருந்து தாராஸ் லாரி டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கசாக் ஓரளவு பழகிவிட்ட மெஹ்ரினிசா. அவள் பேசியது ஷகீபாவின் தாய்மொழியான பாரசீகம். காது வழியாக யாரோ சர்க்கரைப்பாகு ஊற்றியது போலிருந்தது ஷகீபாவுக்கு. ஏழு வாரப் பேச்சையும் பத்து நிமிடத்தில் அவள்மேல் கொட்டிவிட்டாள்.

"மூச்சு விடு கண்ணே," என்றாள் மெஹ்ரினிசா. "நான் எங்கயும் போயிட மாட்டேன்."

முதல் பாடம், விருந்தினரை வரவேற்பது. தோர்கின் இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே கதவு இருப்பதாகப் பாவித்து நின்றாள். "உள்ள வாங்க, ரொட்டி ஒரு வாய் சாப்பிடுங்க" என்று ஷகீபாவை அழைத்தாள். ஷகீபா உற்சாகமாக எழுந்துபோய், நெஞ்சில் கை வைத்து, குனிந்து, "வேண்டாம், நன்றி" என்றாள். உச்சரிப்பு அப்பழுக்கில்லாமல் வந்ததில் அவளுக்கே பெருமை.

வகுப்பு சிரித்தது. தோர்கின் மட்டும் சிரிக்கவில்லை. "இல்லக்கா, வந்து உட்காருங்க." ஷகீபா மறுபடியும் மறுத்தாள். மூன்றாம் முறை அழைத்ததும் நாற்காலிக் கதவைத் தாண்டி உள்ளே போய் அமர்ந்தாள்.

"ஏன் ரெண்டு தடவை வேண்டாம்னாங்க?" என்று தோர்கின் கேட்க, மெஹ்ரினிசா விளக்கினாள். கேட்டுக்கொண்டிருந்த தோர்கினின் முகம் மாறியது. "இங்க யாரையும் அப்படிச் செஞ்சிடலையே? எங்க ஊர்ல ஒரு தடவைதான் கூப்பிடுவோம். கூப்பிட்டா ஒரு துணுக்கு ரொட்டியாவது பிட்டு வாயில போட்டுட்டுத்தான் போகணும். அவசரம்னா வாசல்லயே நின்னு போட்டுக்கலாம். தொடாமப் போனா எங்க ரொட்டியையே மதிக்கலைன்னு அர்த்தம். புருஷன் விட்டுட்டுப் போயிடுவான்னுகூடச் சொல்லுவாங்க."

மெஹ்ரினிசா அதை மொழிபெயர்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் கேட்டாள். "நீ எத்தனை தடவை மறுத்தே?"

"எதிர்வீட்டுல மட்டும் ஒன்பது."

"ஒன்பதா? உன் புருஷன் இந்நேரம் சீன எல்லையே தாண்டியிருக்கணுமே."

ஷகீபாவால் சிரிக்க முடியவில்லை. சாத்திய கதவுகள் ஒவ்வொன்றாக நினைவில் வந்தன.

அந்த நேரம் பார்த்து நூலகர் அம்மாள் சதஃபின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னறையில் இருந்த பட்டியல் அட்டைகளை எல்லாம் உருவி, படிக்க வந்தவர்களுக்கு பஸ் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தாளாம் சதஃப். இரண்டு பெரியவர்கள் டிக்கெட்டைப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

தோர்கின் வருத்தத்தோடுதான் சொன்னாள். "அடுத்த வகுப்புக்குக் குழந்தையைக் கூட்டிட்டு வராதீங்கக்கா. மூணு வகுப்பு வரலைன்னா பேரை அடிச்சிடணும், அது என் கையில இல்ல. வெளியில ஆறு பேர் காத்திருக்காங்க."

வியாழனுக்கு நடுவில் ஒரே ஒரு நாள். சதஃபை விட்டுப்போக அந்தக் கட்டடம் முழுக்க ஒரு வீடு இல்லை. இருந்த வீடுகளையெல்லாம் அவளே நெஞ்சில் கை வைத்து இழந்திருந்தாள்.

இரவு யாகூப் சாப்பிட உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது எனக்குத் தெரியுமே," என்றான் அவன். "சந்தையில முதல் நாளே கூப்பிட்டாங்க. உட்கார்ந்து சாப்பிட்டேன்."

"கூப்பிட்ட உடனேயா? வெட்கமா இல்ல?"

"பசிச்சுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கம்மா காதுக்குப் போயிடும்னுதான்."

புதன்கிழமை காலை முழுவதும் ஷகீபா குப்பை வாளியோடு படியேறி இறங்கினாள். வாளியில் கிடந்தது ஒரு வெங்காயத் தோல். யாராவது ஒரே ஒரு முறை 'வா' என்று சொன்னால் போதும், பாய்ந்து உள்ளே போய்விடலாம். நான்காம் முறை இறங்கும்போது ரபிகா எதிரே வந்தாள். ஷகீபா நின்றாள், பல் தெரியச் சிரித்தாள். ரபிகா வாளியைப் பார்த்தாள், வெங்காயத் தோலைப் பார்த்தாள், தலையசைத்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டாள்.

மதியம் எதிர்வீட்டிலிருந்து எண்ணெயில் மாவு பொரியும் வாசனை படிக்கட்டெங்கும் நிறைந்தது. ஷகீபா தன் வீட்டு வாசலில் நின்று அதை முகர்ந்தாள். கூப்பிடாத வீட்டுக்குப் போய்ச் சாப்பாடு கேட்பது. அதைவிடக் கேவலம் ஒன்று ஹெராத்தில் இல்லை. பிச்சைக்காரர்கள்கூட முதலில் வீட்டுக்காரருக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் கேட்பார்கள். 'அம்மா, நீ இதைப் பார்க்கவே இல்லை' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, சதஃபின் கையைப் பிடித்தபடி கதவைத் தட்டினாள்.

ரபிகா திறந்தாள். கையெல்லாம் மாவு. 'என்ன?' என்பது போல் புருவத்தை உயர்த்தினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

முந்தின நாள் வகுப்பில் மெஹ்ரினிசா எழுதிக்கொடுத்த கசாக் வாக்கியங்கள் துண்டுச்சீட்டாகப் பையில் இருந்தன. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நல்லவேளையாக ரொட்டிக்கு மட்டும் இரண்டு மொழியிலும் ஒரே சொல். ஷகீபா அந்தச் சொல்லைச் சொன்னாள். தன் வாயைச் சுட்டிக் காட்டினாள். இரண்டு கைகளையும் ஏந்தினாள். காது நுனி வரை சூடேறியது.

ரபிகா அந்த ஏந்திய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அளவு நாடாவின் ஒரு முனை மாவில் தோய்ந்தது. பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மாடிப்படியின் கம்பிகள் அதிரும்படி சிரித்தாள்.

"ஏ மேல்வீட்டம்மா, இங்க இறங்கி வா. நம்ம ரொட்டியைத் தொடாத சுல்தான் மகளுக்கு இப்போ பசிக்குதாம்."

கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள். சுடச்சுட, எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டை ஒன்று ஷகீபாவின் வாய்க்குள் போனது. இன்னொன்று சதஃபின் வாய்க்கு. மேல்வீட்டம்மாள் வந்தாள், கீழ்வீட்டம்மாள் வந்தாள். கிண்ணத்தில் பாதிகூட நிறையாத தேநீரைப் பார்த்து முதலில் ஷகீபாவுக்கு என்னவோ போலிருந்தது. தீரத் தீர ரபிகா ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஏழாவது கிண்ணத்தில்தான் புரிந்தது. நிறைத்துக் கொடுத்தால் 'குடிச்சிட்டுக் கிளம்பு' என்று ஆகிவிடும்.

ஒருவழியாகத் துண்டுச்சீட்டை எடுத்து நீட்டினாள். ரபிகா அதைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்து உரக்கப் படித்தாள். "செவ்வாய், வியாழன், சனி. பத்துல இருந்து பன்னிரண்டு. இந்தப் பொண்ணை." படித்துவிட்டு மேல்வீட்டம்மாளைப் பார்த்தாள். "இதுக்காடி காலையில இருந்து அந்த வெங்காயத் தோலை ஊர்வலம் விட்டுட்டு இருந்தா?"

சதஃப் அதற்குள் துணி அலமாரியைத் திறந்து, வெட்டுத் துண்டுகளில் பொம்மைக்குப் படுக்கை போட்டிருந்தாள். அவளைக் கிளப்பி வீட்டுக்குக் கூட்டி வருவதுதான் அன்றைக்குப் பெரும்பாடாக இருந்தது.

வியாழன் காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஷகீபா வகுப்பில் தனியாக, கையில் எண்ணெய் மணக்க, உட்கார்ந்திருந்தாள். சதஃபை வாங்கிக்கொண்ட ரபிகா, வாசலில் மறித்து ஒரு துண்டு ரொட்டியை வாயில் திணித்த பிறகுதான் அனுப்பியிருந்தாள். அதன் பின் எல்லா வீடுகளும் முறை போட்டு அழைத்தன. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு விருந்து வைப்பது அவர்கள் வழக்கமாம். ஏழு வாரமாக ஒவ்வொரு வீட்டிலும் அது காத்துக்கொண்டு இருந்திருக்கிறது. நவம்பர் முடியும் வரை ஷகீபா எந்த வகுப்பையும் தவறவிடவில்லை. ஆனால் அவளுடைய இரண்டு பாவாடைகள் இடுப்பில் நுழைய மறுத்தன. ரபிகாதான் பிரித்துத் தைத்துக் கொடுத்தாள்.

முதல் பனி விழுந்த ஞாயிற்றுக்கிழமை, ஷகீபா கேரட்டும் உலர்திராட்சையும் போட்டுப் புலாவ் செய்தாள். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, வகுப்பில் படித்த முழு வாக்கியத்தையும் பிசகில்லாமல் சொன்னாள். "ரபிகா அக்கா, எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

ரபிகா நெஞ்சில் கை வைத்தாள். லேசாகக் குனிந்தாள். "வேண்டாம், நன்றி."

ஷகீபாவுக்குத் திக்கென்றது. "இல்லக்கா, வாங்க. உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"ஐயோ, வேண்டாம். உனக்கு எதுக்குச் சிரமம்."

ரபிகாவுக்குப் பின்னால் மேல்வீட்டம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அப்போதுதான் ஷகீபா கவனித்தாள். ரபிகா காலில் வெளியே போகும் செருப்பு தயாராக இருந்தது. பண்டிகைத் தலைக்குட்டையும் கட்டியிருந்தாள்.

"நேத்து உன் ஸ்நேகிதி மெஹ்ரினிசாவைச் சந்தையில பார்த்தேன்," என்றாள் ரபிகா, குனிந்த முதுகை நிமிர்த்தாமலே. "மூணு தடவைன்னு சொன்னா. சீக்கிரம் கூப்பிடு மருமகளே, இடுப்பு பிடிச்சுக்கும் போல இருக்கு."