மழை நாளில் கழிந்த வாடகை

மண்டபத்துக்கு மாத வாடகை இரண்டாயிரம் என்று பாடசாலை அபிவிருத்திச் சங்கம் முடிவெடுத்த அன்று ஜீவராணிக்குச் சோறு இறங்கவில்லை. அந்த மண்டபத்தில் நடந்த அவளுடைய பாலர் பாடசாலைக்குப் படியளந்தது கரவனெல்லைக் கடைக்காரர்கள் சிலர் நடத்திய தர்ம சங்கம். இடத்துக்கென்று அவர்கள் தந்தது ஐந்நூறுதான். அதற்கு மேல் ஒரு சதம் கேட்டாலும் சங்கத்தையே மூடிவிடுவார்கள். மண்டபம் போனால் பிள்ளைகள் மறுபடியும் ரப்பர் மலைக்குத்தான் போக வேண்டும். தாய்மார் பால் வெட்டும்போது மரத்தடியில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்க வேண்டும்.

பழைய அதிபர் மண்டபத்தைச் சும்மா கொடுத்திருந்தார். புதிதாக வந்த பாலசுப்பிரமணியம் சாரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். கூரைத் தண்ணீர் ஓடும் பீலி அடைத்துக் கிடந்தது, வளவு காடாகிக் கிடந்தது, கூட்டிப் பெருக்க ஆளில்லை. அத்தனைக்கும் அவர் எங்கே போவார்? அதற்காகப் பாலர் மடியிலா கை வைப்பது என்பதுதான் ஜீவராணியின் ஆத்திரம்.

பேசித் தீர்க்க வியாழக்கிழமை காலை வரச் சொன்னார். ஜீவராணி பிள்ளைகளின் பெற்றோரில் இரண்டு பேரை மட்டும் கூப்பிட்டாள். ஒன்று அழகம்மா, மற்றது முத்துவீரன். "கூட்டம் கூட்ட வேணாம். அமைதியாப் பேசுவோம்" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

வைகாசி மழைக்காலத்தில் நாள் குறித்தவர் வானத்தைக் கேட்கவில்லை. வியாழன் விடியும் முன்பே கொட்டத் தொடங்கியது. மரப்பட்டை நனைந்தால் பால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் தோட்டத்து வரவுப் புத்தகத்தில் அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. வேலையில்லாத சனத்துக்கு லயத்து வரிசை வீடுகளில் கால் தரிக்குமா? உரச்சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு மூன்று லயமும் திரண்டு பாடசாலைக்கு வந்துவிட்டது.

அதிபரின் முகம் வெளுத்தது. "என்ன டீச்சர், ஸ்ட்ரைக்கா?"

"ஐயோ இல்லைங்க சார்!" ஜீவராணிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. "மழைன்னு சும்மா வந்துட்டாங்க."

அதற்குள் அதிபரின் மேசைமேல் கூரையிலிருந்து தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. அவர் மேசையை இழுத்தார், ஒழுக்கும் கூடவே வந்தது. இரண்டாயிரத்துக்குக் குறைய முடியாது என்று அவர் சொல்ல, ஐந்நூறுக்கு மேல் வழியே இல்லை என்று இவள் சொல்ல, பேச்சு செக்குமாடாகச் சுற்றியது. தோற்றுவிட்டோம் என்றே ஜீவராணி நினைத்தாள்.

திடீரென்று ஒழுக்கு நின்றது. இருவரும் மேலே பார்த்தார்கள். கூரையில் தடதடவென்று சத்தம். வெளியே ஓடினால், முத்துவீரன் பீலியிலிருந்து ரப்பர் சருகைக் கை கையாக வாரிக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். முற்றத்தில் நாலு பேர் தண்ணீர் ஓடக் கான் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்டபத்தை ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள்.

"யாரு உங்களை ஏறச் சொன்னது?" என்று அதிபர் கத்தினார்.

"சும்மா நிக்க முடியலைங்க சார்!" என்றான் முத்துவீரன்.

அழகம்மா இடுப்பில் கை வைத்தாள். "ஏன் சார், இதுக்குப் பேர் உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதிபர் சிரிக்கவில்லை, யோசித்தார். "உண்டு" என்றார். "ஐந்நூறை மட்டும் காசாக் கட்டுங்க. மிச்சத்துக்கு மழை நாள்ல வந்து வேலை செய்யுங்க. தோட்டத்துல குடுக்காத பேரை நான் போட்டு, வாடகையில கழிக்கிறேன். அபிவிருத்திச் சங்கத்துக்கிட்ட நான் பேசுறேன்."

"அரைப்பேரா, முழுப்பேரா?" அழகம்மா விடுவாளா?

"மத்தியானம் வரைக்கும் நின்னா முழுப்பேர்."

"ஹரி சார்!" என்று சிங்களத்தில் சம்மதம் சொல்லிக் கூரையிலிருந்து குரல் வந்தது. ஜீவராணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

அந்த வருடம் வானம் பொத்துக்கொண்டது. தோட்டத்துத் துரை தலையில் கை வைத்தார். பாடசாலையோ கல்யாண வீடு மாதிரி ஆனது. மலசலகூடத்துக்குக் கதவு வந்தது, காடு போய் விளையாட இடம் வந்தது, சுவருக்குச் சுண்ணாம்பு ஏறியது.

ஆடி மாதம் ஒரு நாள் பாலசுப்பிரமணியம் சார் மண்டப வாசலில் வந்து தயங்கி நின்றார். பாட்டை நிறுத்திவிட்டு ஜீவராணி எழுந்தாள். மறுபடியும் வாடகையைக் கூட்டப்போகிறாரோ என்று பயந்தாள்.

"டீச்சர், பின்னால மரக்கறித் தோட்டம் ஒண்ணு போடலாம்னு பார்க்கிறேன். ஆனா உங்க ஆளுங்க வாங்கின பேருக்கு மார்கழி வரைக்கும் வாடகை கழிஞ்சி போச்சி" என்று தலையைச் சொறிந்தார். "அடுத்த வருஷமும் நீங்க இங்கதானே இருப்பீங்க? அதுல கழிச்சிக்கலாமா?"

ஜீவராணி உடனே தலையாட்டவில்லை. அந்தக் கேள்வியைக் காதுகுளிரக் கேட்டாள். பிறகு சொன்னாள்.

"அழகம்மா அக்காவைக் கேட்டுச் சொல்றேங்க சார்."