வெள்ளிக்கிழமை முறை

பிரசவ அறைக்குள் கணவனைத் தவிர வேறு யாரையும் விடுவது அந்த மருத்துவமனையில் வழக்கமில்லை. அன்றைக்கு மட்டும் நர்ஸ் ஷரீஃபா தானே வெளியே வந்தாள். வராந்தாவில் உட்கார்ந்திருந்த தவமலரையும் ரூபினியையும் பார்த்து, "ரெண்டு பேரும் உள்ளே வாங்க" என்று மலாய் மொழியில் கூப்பிட்டாள்.

அந்தச் சலுகைக்கு என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியும். உள்ளே பிறக்கப்போகும் பிள்ளை அழப்போவதில்லை.

தவமலருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளை பெறும் பெண்ணுக்குக் கூடவே இருப்பதுதான் அவள் தொழில். மருந்து மாத்திரையைத் தொடமாட்டாள். இடுப்பை அழுத்திவிடுவாள், மூச்சை எப்படி விடுவது என்று சொல்லித் தருவாள், பயந்தால் கையைக் கொடுப்பாள், கேட்டால் ஜெபிப்பாள். இந்தத் தொழிலுக்கான டூலா என்ற ஆங்கிலப் பெயர் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களின் வாயில் நிற்கவில்லை. 'கூட இருக்கிற அக்கா' என்று அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். ரூபினி தமிழ்ப்பள்ளி ஆசிரியை. விடுமுறை நாட்களில் தவமலரோடு இந்த வேலைக்கு வருவாள். ரூபினி நெற்றியில் திருநீறு, தவமலர் வாயில் ஸ்தோத்திரம். "ரெண்டு சாமியும் எனக்கு டியூட்டி பாக்குது" என்று புனிதா போன மாதம்கூடச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தப் புனிதாதான் இப்போது கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக் கிடந்தாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து உண்டான முதல் பிள்ளை. ஆண் என்று ஸ்கேனில் தெரிந்திருந்தது. ஊசி மருந்து எதுவும் இல்லாமல் தன் பலத்திலேயே பெற்றெடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் தவமலரைத் தேடி வந்தாள். சனிக்கிழமை மத்தியானம் வலி கண்டது. மலைமேலே கிளினிக்கில் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் வைத்துப் பார்த்தார்கள். அதன்பிறகு அங்கே யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையின் இதயம் நின்றுபோயிருந்தது. ஆம்புலன்ஸ் வளைவு வளைவாக மலையிறங்கி இந்தப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. வலி வந்தபடியே இருந்தது. பிள்ளைதான் இறங்கவில்லை.

"இப்படியே நின்னா மருந்து ஏத்த வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

புனிதாவின் கணவன் புவனேஷ் குறுக்கே வந்து நின்றான். தேயிலை ஆலையில் மெஷின் ஓட்டுகிறவன். முந்தின நாள் போட்ட சட்டைதான் இன்னும் உடம்பில். "எதுக்கு டாக்டர் இவ இவ்ளோ வலி தாங்கணும்? ஆபரேசன் பண்ணி எடுத்துடுங்க. உயிரோட வர்ற பிள்ளைக்குத் தாங்கலாம். இதுக்கு எதுக்கு?"

"இதுன்னு சொல்லாதீங்க" என்றாள் புனிதா, கண்ணைத் திறக்காமலே. "அவன்னு சொல்லுங்க. அவன நான்தான் பெத்தெடுப்பேன்."

புவனேஷ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

இடுப்பை அழுத்திக்கொண்டிருந்த ரூபினி தவமலரின் காதோரம் குனிந்தாள். "அக்கா, வலி ஏறும்போதெல்லாம் தொடைய இறுக்கிக்கிறாங்க. பெத்தெடுப்பேன்னு வாய்தான் சொல்லுது. ஒடம்பு விடமாட்டேங்குது."

தவமலரும் அதைக் கவனித்திருந்தாள். பயந்த பெண்களின் உடம்பு இறுகிப்போவதை அவள் நிறையவே பார்த்திருக்கிறாள். ஆனால் இது வலிக்குப் பயப்படுகிற உடம்பு மாதிரி இல்லை. கதவுக்குப் பின்னால் எதையோ ஒளித்து வைத்துக்கொண்டு, திறக்க மறுக்கிற மாதிரி இருந்தது.

"தம்பி" என்றாள் புவனேஷிடம். "நேத்துலேருந்து நீ ஒண்ணும் பசியாறல. கீழ கேன்டீன்ல ஒரு ரொட்டியாவது சாப்பிட்டு வா."

அவன் போனான். புனிதா சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, நானும் பசியாறல."

"இப்ப ஒரு வாய் பால் குடிக்கிறியா?"

"இப்ப இல்லக்கா. வெள்ளிக்கிழமை. குமுதா அக்கா முறைய நான் எடுத்துக்கிட்டேன்."

தவமலரின் கை அப்படியே நின்றது.

திருச்சபையில் ஒருத்தி பிரசவத்துக்காகத் தவமலரிடம் வந்தால், அவளுடைய கடைசி மாதத்துக்கு உபவாசச் சங்கிலி போடுவது வழக்கம். ஒருநாள் ஒருத்தி என்று முறை வைத்து, விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் சாப்பிடாமல், சுகப்பிரசவத்துக்காக ஜெபிப்பார்கள். அந்தச் சங்கிலியைத் தொடங்கி வைத்ததே தவமலர்தான். இனிப்புநீர் என்கிற சர்க்கரை நோய் இருப்பதால் அவளால் உபவாசம் இருக்க முடியாது. அதற்குப் பதிலாகத்தான் மற்றவர்களை முறை மாறாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைத்தாய்ச்சி மட்டும் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்பது முதல் விதி.

அந்த வெள்ளிக்கிழமை குமுதாவின் முறை. கோலா தெர்லாவில் கோஸ் தோட்டத்தில் வேலை செய்கிறவள் குமுதா. புதன்கிழமை ஜெபக்கூட்டத்திலேயே எழுந்து சொல்லிவிட்டாள். "வெள்ளிக்கிழமை லோரி வருது. வெறும் வயித்துல லோடு ஏத்த முடியாதுலா. வேற யாராச்சும் எடுத்துக்குங்க."

யாரும் கை தூக்கவில்லை. தவமலர் பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொன்னாள்: "இத்தன வருசத்துல நம்ம சங்கிலி அறுந்ததில்ல. புனிதாவுக்குன்னு வந்து அறுந்துடப் போகுது, பாத்துக்குங்க."

முன்வரிசையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் புனிதா. யாரோ எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துத் தவமலர் அதை அத்தோடு மறந்துவிட்டாள்.

"காலையிலேருந்து தண்ணி மட்டும்தான்க்கா" என்றாள் புனிதா. வலிக்கு இடையில் கிடைத்த மூச்சில் துண்டு துண்டாகப் பேசினாள். "அன்னிக்கி இவன் ஆடவே இல்ல. அம்மாகூடச் சேர்ந்து இவனும் உபவாசம் இருக்கான்னு நெனச்சேன். வயித்தத் தடவி, சமத்துன்னு சொன்னேன். பொழுது சாஞ்சு மைலோ குடிச்சேன். அப்பவும் ஆடல. அசந்து தூங்குறான்னு விட்டுட்டேன்."

ரூபினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"இவன் வெளிய வந்தா தெரிஞ்சுடும்க்கா. கன்னம் ஒட்டி, எலும்பும் தோலுமா வருவான். அவரு பாத்துடுவாரு. நான் பட்டினி போட்டே கொன்னுட்டேன்னு அவன் மூஞ்சியிலயே எழுதியிருக்கும்."

கர்த்தருடைய சித்தம் என்ற வார்த்தை தவமலரின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எத்தனையோ வீடுகளில் சொல்லிப் பழகிய வார்த்தை. இந்த அறையில் அது வாயைவிட்டு வரவில்லை.

"மெலிஞ்சு வரமாட்டான்" என்றாள். "ஒருநாள் பட்டினி பிள்ளைய மெலிய வைக்காது. அது எனக்கு நிச்சயமாத் தெரியும். மத்தது எனக்குத் தெரியாது, புனிதா. தெரிஞ்ச மாதிரி உங்கிட்ட பேசமாட்டேன். ஆனா சங்கிலி அறுந்துடும்னு சபையில சொன்னது நீயில்ல, நான். அவன் எப்படி வந்தாலும் மொதல்ல நான் பாக்குறேன். பாத்ததை அப்படியே உனக்குச் சொல்றேன். அதுவரைக்கும் நீ கண்ண மூடிக்க."

புனிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வலி கிளம்பியது.

"ஜெபம் பண்ணுங்கக்கா. ஆனா எதையும் கேக்காதீங்க. கேட்டது போதும்."

எதையும் கேட்காத ஜெபம் எப்படி என்று தவமலருக்குத் தெரியவில்லை. இத்தனை காலமும் அவள் செய்த ஜெபமெல்லாம் தாரும், காரும், இறங்கி வாரும் என்றுதான். அவள் புனிதாவின் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள்.

"ஆண்டவரே, புனிதா இங்க இருக்கா. ரூபினி இருக்கா. நான் இருக்கேன். பிள்ளை இருக்கான்." நீரும் இரும் என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் கேட்பதுதானே என்று விழுங்கிக்கொண்டாள். "நீரும் இருக்கிறீர்" என்று முடித்தாள்.

அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சாமி பெயர் வேறான ரூபினியும் அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டு இடுப்பை அழுத்தினாள். எந்த வலியில் என்று சொல்ல முடியாது, புனிதாவின் தொடைகள் தளர்ந்தன. கேன்டீனிலிருந்து திரும்பிய புவனேஷ் ஒன்றும் கேட்காமல் மனைவியின் தலைமாட்டில் போய் நின்றான். மருந்து ஏற்றும் தேவை வரவில்லை. ஆசைப்பட்டபடியே, தன் பலத்திலேயே அவள் பெற்றாள்.

சத்தம் இல்லை. இருக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லாரும் ஒரு கணம் காத்திருந்தார்கள்.

"அக்கா, பாத்தீங்களா?" கண் மூடியபடியே கேட்டாள் புனிதா.

"பாத்துட்டேன்."

"கன்னம்?"

"உப்பியிருக்கு. மணிக்கட்டுல மடிப்பு விழுந்திருக்கு. தலை நெறய முடி. நீயே பாரு."

ஷரீஃபா பிள்ளையைத் துணியில் சுற்றி அவள் மார்மேல் வைத்தாள். புனிதா ஒரு விரலால் கன்னத்தை மெல்ல அழுத்திப் பார்த்தாள். தொடையைப் பிடித்துப் பார்த்தாள். "கொழுகொழுன்னு இருக்கான்" என்று கணவனிடம் சொன்னாள். அதன்பிறகுதான், முதல்நாள் கிளினிக்கில் தெரிந்ததிலிருந்து வராத அழுகை வந்தது.

தொப்புள்கொடியில் ஒரு முடிச்சு இருந்தது. கயிற்றில் போட்டது மாதிரி இறுகியிருந்தது. டாக்டர் அதைக் காட்டினார். பிள்ளை சின்னதாக இருந்தபோது உள்ளே புரண்டதில் முடிச்சு விழுந்திருக்கும் என்றார்.

"எப்ப இறுகுச்சு, டாக்டர்?" என்றாள் புனிதா.

"அத யாராலயும் சொல்ல முடியாது."

"ஆட்டம் நின்ன அன்னிக்கே வந்திருந்தா?"

டாக்டர் கையுறையைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தார். "அதையும் சொல்ல முடியாதும்மா" என்றார் கடைசியில்.

திங்கட்கிழமை பிள்ளையைத் தோட்டத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். புனிதாவுக்காக ஆறுதல் சங்கிலி போடலாமா என்று சபைப் பெண்கள் கேட்டார்கள். "இனி சங்கிலி கெடையாது" என்றாள் தவமலர்.

வெள்ளிக்கிழமை காலை தவமலர் தோட்டத் தொழிலாளர் லயத்திலிருந்த வீட்டுக்குப் போனபோது புனிதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சட்டையின் முன்பக்கம் நனைந்திருந்தது. பால் கட்டி, மார் கல்லாக இறுகி, உடம்பு காய்ந்தது. எதிரே இருந்த கஞ்சியில் ஆடை படிந்திருந்தது.

"அவனுக்குப் பசிக்கும்னு ஒடம்புக்குத் தெரியுதுக்கா" என்றாள். "அவன் இல்லன்னுதான் தெரியல."

பால் கட்டினால் குளிர்ந்த கோஸ் இலையை மார்மேல் வைத்துக் கட்டுவது தவமலர் எப்போதும் செய்வது. குமுதாவுக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. பனியில் நனைந்த ஒரு மூட்டைக் கோஸை இறக்கி வைத்த குமுதா உள்ளே வரவில்லை.

"வாக்கா" என்றாள் புனிதா.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது?" குமுதாவின் குரல் உடைந்தது. "ஒரு வாரமா தூக்கமில்ல. போன வெள்ளிக்கிழமைய நான் விட்டுட்டேன். எம் முறையிலதான் சங்கிலி அறுந்துச்சு. ஒரு பொழுது வயித்தக் கட்டியிருந்தா உம் பிள்ளை இருந்திருப்பான். சும்மா கிடக்கக் கூடாதுன்னு யாராச்சும் எடுத்தாங்களா? இல்ல, வெறும் நாளா போச்சா? அதமட்டும் சொல்லு."

கோஸை உரித்துக்கொண்டிருந்த தவமலர் நிமிர்ந்தாள். வெறும் நாள் என்றால் குமுதா வாழ்நாள் முழுக்க அதைச் சுமப்பாள். உண்மையைச் சொன்னால் புனிதாவுக்குச் சபையில் முகம் இருக்காது. தானே எடுத்ததாகச் சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். இனிப்புநீர்க்காரி சொன்னால் யார் நம்புவார்கள்?

"வெறும் நாளா போகலக்கா" என்றாள் புனிதா.

"எடுத்தாங்களா? யாரு?"

"சொல்ல வேணாம்னு சொல்லிட்டாங்க. ஆனா முழுசா இருந்தாங்க. தண்ணியத் தவிர ஒண்ணும் தொடல. உன்னால எதுவும் அறுந்துபோகல."

குமுதா வாசற்படியிலேயே உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவங்க யாரா இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்று அழுகையோடு சொன்னாள்.

புனிதா நனைந்த சட்டையை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

தவமலர் கஞ்சியைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். கிண்ணத்தைக் குமுதாவின் கையில் கொடுத்தாள். "நீ ஊட்டு. எனக்கு ரெண்டு கையும் வேணும்" என்றாள்.

குமுதா உள்ளே வந்து மண்டியிட்டாள். கரண்டியை நீட்டினாள். "பசியாறும்மா."

புனிதா அந்தக் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

தவமலர் ஒவ்வொரு இலையாக அவள் மார்மேல் வைத்தாள். வைத்த சிறிது நேரத்திலேயே இலை சூடேறித் துவண்டது. அதை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த இலையை உரித்தாள்.