மூன்றாம் வேகத்தில் ஒரு சத்தம்

மின்விசிறியை நிறுத்தினால் சத்தமும் நின்றது. போட்டால் வந்தது. டிக், டிக், டிக். ஏணியில் நின்றிருந்த மகனுக்கு அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை.

இறக்கைகளின் திருகுகளை முடுக்கியாகிவிட்டது. மூன்று இறக்கைகளும் கூரையிலிருந்து ஒரே இறக்கத்தில் இருக்கின்றனவா என்று அளந்தான்; ஒன்று சற்றுத் தாழ்ந்தாலும் ஆட்டம் வரும், ஆட்டம் சத்தமாகும். மூன்றும் சரியாகவே இருந்தன. மூன்றாம் வேகத்தில் வைத்தால் மறுபடி டிக்.

கீழே கட்டிலில் அப்பா. இன்றைத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். பேச்சு நின்று இரண்டு நாள். ஒவ்வொரு டிக்குக்கும் இமை மட்டும் சுருங்கியது.

முப்பது வருடம் தொழிற்சாலையில் தரச்சோதனை பார்த்தவர். அங்கே அவருக்குப் பட்டப்பெயர் ‘மைக்ரான்’. மயிரிழை பிசகினாலும் வாய் திறக்க மாட்டார். சுட்டுவிரலை நீட்டுவார், பொருள் திரும்பிப் போகும். வீட்டிலும் அதே விரல்தான். மகன் அட்டை போட்ட புத்தகம், மகன் பெயிண்ட் அடித்த கதவு, எல்லாவற்றிலும் அது ஏதோ ஓர் இடத்தைக் காட்டியிருக்கிறது. ‘சரி’ என்று அவர் சொல்லி அவன் கேட்டதில்லை. இன்று ஒரு நாளாவது அந்த விரல் எழக்கூடாது.

“இறங்குடா. வந்து கையப் பிடிச்சுக்கோ” என்றாள் அக்கா.

“அஞ்சு நிமிஷம்க்கா.”

“ரெண்டு மணி நேரமா அதே அஞ்சு நிமிஷம். அவர் ஊர்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் குத்தம் கண்டுபிடிச்சார். நீ உன்கிட்டயே கண்டுபிடிக்கிற. நான் இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விட்டேன். நல்லாத்தானே இருக்கேன்?”

“அதான் உன் வீட்டுக் குழாய் மூணு வருஷமா ஒழுகுது. சுவிட்சைப் போடு.”

டிக்.

அப்பாவின் கை போர்வையிலிருந்து எழுந்தது. சுட்டுவிரல் நீண்டது.

“பாத்தியா, இன்னும் சரியில்லையாம்.” மகனுக்கு முகம் சூடேறியது. “இதோப்பா, முடிச்சிடுறேன்.” விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கூரையோடு ஒட்டியிருந்த மூடியைக் கழற்றத் தொடங்கினான்.

அறை அமைதியாக இருந்தது. இரண்டாவது திருகு வரும்போது அக்கா “டேய்” என்றாள். அவன் இறங்குவதற்குள் கை போர்வைமேல் சாய்ந்திருந்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, மெத்தையில்லாத கட்டிலில் படுத்துக்கொண்டு விசிறியைப் போடச் சொன்னான். டிக், டிக். அவனுக்கு நேர் மேலே சுற்றியது. அப்பாவின் விரல் மேலே காட்டவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கையைத் தூக்கி, அவர் நீட்டியது போலவே நீட்டிப் பார்த்தான்.

எதிர்ச்சுவரில் காலண்டர். அதன் அடியில் தகரப்பட்டை. காற்று அதைத் தூக்கி விடும்போதெல்லாம் சுவரில் தட்டியது. விசிறி நின்றால் காற்று நிற்கும், பட்டையும் நிற்கும்.

“என்னடா?” என்றாள் அக்கா, வாசல் நிலையில் சாய்ந்தபடி.

அவன் எழுந்து போய், பட்டையைச் சுவரோடு சேர்த்து ஒரு துண்டு டேப் ஒட்டினான். சத்தம் நின்றது.